தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. எடை குறைப்பு ஆபரேஷனைச் சொல்ல வேண்டுமா?

தாம்பரத்து அண்ணன்

நண்பர்களே, வீட்டில் பத்து நாளாக ஓடும் சண்டையை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

தங்கைக்கு 29 வயது. இரண்டரை வருடம் முன்பு சென்னையில் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டாள். அப்போது 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த சுகர், போதாததற்குத் தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவாள். இன்று 76 கிலோ. ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. சுகர் நார்மல், குறட்டை கூட இல்லை.

சொந்தக்காரர்களுக்கு அம்மா சொன்ன கதை வேறு. "காலையில் நடக்கிறாள், ராத்திரி ரெண்டு சப்பாத்தி, அவ்வளவுதான்." ஆபரேஷன் நடந்த வாரம் அவள் 'பெங்களூரில் டிரெயினிங்' போயிருந்தாள்.

இப்போது கோவைப் பக்கமிருந்து நல்ல இடம். ஜாதகம் பொருந்தியது, வந்து பார்த்தார்கள், பிடித்தும் போய்விட்டது. நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. "பல் பிடுங்கியதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டா இருக்கிறார்கள்? சொன்னால் இந்த இடம் மட்டுமல்ல, இனி எந்த இடமும் வராது" என்கிறார் அம்மா. அப்பா வழக்கம்போல் பேப்பர் படிக்கிறார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சூலூர் மாமா

தம்பி, நான் பையனைப் பெற்றவன். அந்தப் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பல் பிடுங்குவதும் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுப்பதும் ஒன்றா? பல் போனால் வேறு பல் கட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மாட்டை விற்கிறவன்கூடச் சுழியைக் காட்டித்தான் விற்பான். சொல்லிப்போடுங்கள். நின்றால் நிற்கட்டும், போனால் போகட்டும்.

பாதி வயிறு

மாமா, முதல் பதிலிலேயே பெண்ணை மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போய்விட்டீர்களே.

நான் 6 வருடம் முன்பு பைபாஸ் செய்துகொண்டவள். இதயத்தில் இல்லை, வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் எடை குறைப்பு பைபாஸ். 131 கிலோவிலிருந்து 84. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு செய்தது, அதனால் வரன் பிரச்சினை எனக்கில்லை. ஆனால் 'சொல்லிவிடுவது' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆபீசில் ஒரே ஒரு தோழியிடம் சொன்னேன். மூன்றே நாளில் கேண்டீனில் என் தட்டை எல்லாரும் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வாய் லட்டு எடுத்தால், "அதெல்லாம் சாப்பிடலாமா உங்களுக்கு?" எடுக்காவிட்டால், "பாவம், ஒன்றுமே சாப்பிட முடியாது போல." 47 கிலோ குறைந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. என் குடலைப் பற்றித்தான் பேச்சு.

அண்ணன் அவர்களே, ஒரு கேள்வி. பையனுடைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) எவ்வளவு என்று கேட்டீர்களா? அவர் குடிப்பாரா, அவர் தலையில் இருப்பது அவருடைய முடிதானா? இதெல்லாம் கேட்காதபோது பெண் மட்டும் ஏன் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்ட வேண்டும்?

பேலியோ வாத்தியார்

விஷயத்தை விட்டு விலகிப் போகிறோம். சொல்லலாமா கூடாதா என்பதற்கு முன்னால், சொல்லக் கூச்சப்படும் வேலையை ஏன் செய்ய வேண்டும்? நான் 103 கிலோ இருந்தவன். தானியத்தை நிறுத்தினேன், முட்டை, பனீர், கீரை, தேங்காய் என்று மாறினேன். 24 கிலோ போயிற்று, ஐந்து வருடமாகத் திரும்பி வரவில்லை. கத்தி படவில்லை, கடன் வாங்கவில்லை, யாரிடமும் மறைக்கவும் இல்லை.

குறுக்குவழியில் போனவர்களுக்குத்தான் இந்த ஒளிவுமறைவெல்லாம். நல்ல உறுப்பை வெட்டிக் குப்பையில் போடுவதற்கு வைத்தியம் என்று பெயர். 2024 ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த ஓர் இளைஞர் இந்த ஆபரேஷனுக்குப் போய்த்தான் உயிரை விட்டார். அரசு விசாரணைக் குழுவெல்லாம் போட்டது. அதற்குள் மறந்துவிட்டோம்.

பாதி வயிறு

வாத்தியாரே, 24 கிலோவுக்கு வாழ்த்துகள், கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆனால் 24 வேறு, 45 வேறு. நானும் பேலியோ செய்தேன். 131 ஆவதற்கு முன்னால் 122 இருந்தேன், பேலியோவில் 107 வந்தேன், ஒன்றரை வருடத்தில் 131. அதற்கு முன் ஜிம், அதற்கு முன் கொள்ளு ரசம், அதற்கும் முன் டிவியில் விற்ற பெல்ட். ஒவ்வொரு தடவையும் குறைந்ததைவிடக் கூடுதலாக ஏறியது. குறுக்குவழி என்கிறீர்களே, 14 வருடம் நேர்வழியில் நடந்து, முட்டி தேய்ந்துதான் இங்கே வந்து சேர்ந்தேன்.

அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி ஒன்றை டிவியில் நடத்தினார்களே, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் எடையைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். அது பெரிய செய்தி இல்லை. அவர்கள் உடம்பு, அந்த எடைக்கும் வயதுக்கும் செலவழிக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது, அதுவும் ஆறு வருடம் கழித்து. ஒழுக்கம் இல்லாததால் ஏறிய எடையா அது?

பேலியோ வாத்தியார்

அப்படியானால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஏறாதா? எங்கள் தெருவிலேயே ஒருவர் ஸ்லீவ் செய்து 35 கிலோ குறைந்து, நாலு வருடத்தில் 20 கிலோவைத் திரும்ப வாங்கிவிட்டார். கூடுதலாக நெஞ்செரிச்சல். படுத்தால் புளிச்சது மேலே வருகிறதாம், இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறார். நாலரை லட்சம் செலவு.

இரவுப் பணி

நான் நர்ஸ். எடை குறைப்பு ஆபரேஷன் நடக்கும் வார்டில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

வாத்தியார் ஐயா சொல்லும் நெஞ்செரிச்சல் உண்மை. ஸ்லீவில் வயிற்றை வாழைப்பழம் போல நீளக் குழாயாக்கிவிடுகிறார்கள், உள்ளே அழுத்தம் கூடுகிறது. ஏற்கெனவே எதுக்களிப்பு இருப்பவர்களை அதனால்தான் பெரும்பாலும் பைபாஸுக்கு அனுப்புவார்கள். எடை கொஞ்சம் திரும்புவதும் உண்மை. ஸ்வீடனில் 1987-இல் ஆரம்பித்து 4,047 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு, எங்கள் சீனியர் டாக்டர் வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். ஆபரேஷன் செய்தவர்கள் இரண்டாம் வருடம் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தார்கள், இருபதாம் வருடம் அது 18 சதவீதம். செய்யாதவர்கள் அத்தனை வருடமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றார்கள். ஆயுளைக் கணக்கிட்டு 2020-இல் வெளியிட்டபோது, ஆபரேஷன் செய்தவர்கள் செய்யாதவர்களைவிடச் சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. ஆனால் பொதுமக்களைவிட இன்னும் ஐந்தரை வருடம் குறைவுதான்.

'நல்ல உறுப்பு' என்றீர்கள். ஸ்லீவில் எடுப்பது வயிற்றின் இடது ஓரம், முக்காலுக்குக் கொஞ்சம் கூட. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்த மேல்பகுதியில்தான். ஆபரேஷன் முடிந்து முதல் மாதத்தில் நோயாளிகள் எங்களிடம் வந்து, "சிஸ்டர், பசிக்கவே இல்லை, இப்படித்தான் எல்லாரும் இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். ஒரு அம்மா அழுதே விட்டார். நாற்பது வருடமாகத் தான் பேராசைக்காரி என்று நினைத்திருந்தாராம்.

புதுச்சேரித் தம்பி விஷயத்தில் நாங்கள் எல்லாருமே ஆடிப்போனோம். அதை மறக்கச் சொல்லவில்லை. மயக்கம் கொடுக்கும் எந்தப் பெரிய ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு, தையல் கசிவதும் காலில் ரத்தம் உறைவதும் இதில் கூடுதல் பயம். ஐசியூ, ரத்த வங்கி, அனுபவமுள்ள மயக்க டாக்டர் எல்லாம் இருக்கும் இடமா என்று பார்க்காமல், விளம்பரத்தில் 'சலுகை விலை' என்று போட்டதைப் பார்த்துப் போகாதீர்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே இதைச் செய்கிறார்கள், நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்கு நாளை எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

சூலூர் மாமா

பாதி வயிறு அம்மணி, மாட்டு உவமை தப்புத்தான், எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரியும் படித்துவிட்டுத் திட்டினாள்.

ஆனால் பையன் பக்கமும் மறைக்கிறது என்பதற்காகப் பெண் பக்கமும் மறைக்கலாம் என்பது கணக்காகாது. இரண்டு பேரையும் சொல்ல வைக்க வேண்டும் என்று கேளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம், எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் விருந்து விருந்தென்று ஒரு மாதம் ஓடும். மருமகள் ஒரு இட்லியை இருபது நிமிடம் பிய்த்துக்கொண்டிருந்தால் மாமியார் என்ன நினைப்பாள்? "எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை" என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும், மருத்துவத்தில் இல்லை.

பாதி வயிறு

அது நூற்றுக்கு நூறு உண்மை மாமா. பந்தியில் எனக்கு இலை போட்டால் எதிரே நிற்பவர் முகம் வாடிவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க முடியாது, அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சோறு இரண்டு கரண்டி தாண்டினால் நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி நிற்கும். முதலில் பருப்பு, முட்டை, மீன், இடமிருந்தால்தான் சோறு. நம் ஊர்ப் பந்தி இதற்கு நேர் தலைகீழ்.

பிறகுதான் தெரிந்தது

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குச் சொல்லாமல் செய்து வைத்த கல்யாணம் என்னுடையது. மனைவிக்குக் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு பைபாஸ் ஆகியிருந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் தழும்பு, "பித்தப்பைக் கல்" என்றாள். நம்பினேன். ஏன் நம்பக் கூடாது?

நாலாம் மாதம் செக்கப்புக்குப் போனோம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சுகர் பார்க்க 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், தெரியும்தானே. மனைவி டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குடித்துவிட்டாள். இருபது நிமிடத்தில் முகமெல்லாம் வியர்வை, இதயம் தடதடவென்று அடிக்கிறது, வாந்தி, பேதி, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். டாக்டர் ஓடிவந்து, "முன்னால் ஏதாவது ஆபரேஷன்?" என்றார். "பித்தப்பை" என்றேன் நான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம்தான் பைபாஸ் பற்றிச் சொன்னாள். அது ஆனவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கி இப்படிச் செய்யுமாம். பி12, இரும்புச் சத்து, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். எங்கள் வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரையைத் துணிகளுக்கு நடுவே வைத்திருந்து, அம்மா கோயிலுக்குப் போகும்போது மட்டும் விழுங்கியிருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள். ஹீமோகுளோபின் 7.8 வந்திருந்தது.

குழந்தை நன்றாகப் பிறந்தது, இப்போது நாலு வயது. ஆனால் கேளுங்கள் அண்ணா, என் கோபம் ஆபரேஷன் மேல் இல்லை. என் வீட்டிலேயே என் மனைவி மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். உங்கள் அம்மா சொல்கிற வழியில் போனால் உங்கள் தங்கையும் அதைத்தான் செய்வாள்.

பாதி வயிறு

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தக் குளுக்கோஸ் டம்ளர் எனக்குத் தெரியும். எனக்குக் கர்ப்பத்தில் இல்லை, தீபாவளிக்குக் குடித்த பாதாம் பாலில்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் பார்க்க வந்த அன்றே அவர் சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்குமா?

பிறகுதான் தெரிந்தது

அம்மா வேண்டாம் என்றிருப்பார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நாலு வருடமாக யோசிக்கிறேன் அக்கா. "பரவாயில்லை" என்றிருப்பேன் என்று எழுத ஆசைதான். அப்போதிருந்த நான் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

பாதி வயிறு

அதைத்தான் அந்தப் பெண்ணும் கணக்குப் போட்டிருப்பார். பொய் சொல்லத் தூண்டிய சமூகத்தை விட்டுவிட்டுப் பொய் சொன்னவரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம்.

பேலியோ வாத்தியார்

இதில் சமூகம் எங்கே வந்தது? ஒரு மனிதர் தன் மனைவியின் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு விஷம் மாதிரியான ஒன்றை அவர் குடிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். உங்கள் நியாயம் அவரிடம் எடுபடாது அம்மா. ஆயுள் முழுக்க மாத்திரை, ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை, இனிப்புக் குடித்தால் மயக்கம். இதைத்தான் 'வைத்தியம்' என்கிறீர்கள். இப்போது எடை குறைக்கும் ஊசியும் வந்துவிட்டது, கத்தி எதற்கு?

இரவுப் பணி

ஊசியைப் பற்றி முதலில். மவுஞ்சாரோ (டிர்செபடைடு மருந்து) 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, வெகோவி (செமாக்ளூடைடு மருந்து) ஜூனில். நல்ல மருந்துகள்தான், எங்கள் வார்டுக்கு வர வேண்டிய பலர் இப்போது அங்கே போகிறார்கள். செமாக்ளூடைடில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம், டிர்செபடைடின் அதிக டோஸில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம் குறைந்தது. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே அதுவும் ஆயுள் கணக்குத்தான், மாதாமாதம் பணம் வேறு. வாத்தியார் ஐயாவின் பேலியோவும் ஆயுளுக்கும்தானே? நாளைக்கே இட்லிக்குத் திரும்பினால் என்னாகும் என்று அவருக்கே தெரியும்.

இனி அண்ணனுக்கு. கல்யாணம் என்று பேச்சு வந்தால் அடுத்து குழந்தை வரும். ஆபரேஷனுக்குப் பின் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வோம். உங்கள் தங்கைக்கு அது தாண்டிவிட்டது, நல்லது. பிசிஓடி இருந்து மாதவிலக்கு வராமல் இருந்தவர்களுக்கு எடை குறைந்ததும் சட்டென்று கரு தங்கிவிடும், எதிர்பார்க்காமல் நிறைய பேர் வந்திருக்கிறார்கள்.

ஸ்வீடனிலிருந்தே 2015-இல் வந்த இன்னொரு ஆய்வு: ஆபரேஷன் செய்தவர்களில் கர்ப்பகால சர்க்கரை 1.9 சதவீதம், அதே பழைய எடையோடு ஆபரேஷன் இல்லாமல் கருத்தரித்தவர்களில் 6.8. ஆனால் வயிற்றில் இருக்கும் காலத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாத சிறிய குழந்தைகள் ஆபரேஷன் செய்தவர்களிடம் இரண்டு மடங்கு: 15.6 சதவீதம், செய்யாதவர்களில் 7.6. லாபமும் உண்டு, கவனமும் வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே பி12, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்துச் சேமிப்பு), ஃபோலேட், வைட்டமின் டி பார்த்துச் சரிசெய்துவிடச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் வேண்டாம், பீட்டா கரோட்டினாகத்தான் இருக்க வேண்டும். பிரசவம் பார்க்கப்போகும் டாக்டருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்குக் குளுக்கோஸ் குடிக்க வைக்காமல், ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் சுகர் பார்த்துக் குறிக்கச் சொல்லும் வழி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றால், பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் தெரிந்துதான் ஆகும். அவரோடு நிறுத்திக்கொள்ளலாம். மாமியார், நாத்தனார், சித்தப்பா எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை.

சூலூர் மாமா

பையனிடம் மட்டும் சொல்லி, அவனைப் பெற்றவர்களிடம் மறைக்கச் சொல்வதா? கல்யாணத்துக்கு முன்னாலேயே மகனைப் பிரிக்கிற வேலை அல்லவா இது.

பாதி வயிறு

மாமா, உங்கள் பையனுக்கு வயது என்ன?

சூலூர் மாமா

31. அதற்கென்ன?

பாதி வயிறு

ஒன்றுமில்லை மாமா. தெரிந்துகொள்ளத்தான்.

தாம்பரத்து அண்ணன்

எல்லாருக்கும் நன்றி. 'பிறகுதான் தெரிந்தது' எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தப் பெண் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே நிற்கிறேன்.

பணம் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். எங்களுக்கு இன்சூரன்ஸில் பெரும்பகுதி கிடைத்தது. 2019-இல் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) வைத்த விதிப்படி, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி நோய் இருந்தாலோ, 'உடல் பருமன் சிகிச்சை' என்று சொல்லி மறுக்க முடியாது. ஆனால் பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஐந்து தழும்பு

புது ஐடி. படிப்பதற்காகத்தான் வந்தேன், எழுத வைத்துவிட்டீர்கள். மேலே நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் தங்கை நான்தான்.

அண்ணா, சொல்ல வேண்டுமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னால் என் எடை, என் உயரம், என் பிசிஓடி எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டாய். தாம்பரம், கோவை, 29 வயது, ஸ்லீவ். அத்தை பெண் இந்தக் குழுவில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? அவள்தான் இணைப்பை அனுப்பினாள், "இது நீயா?" என்று.

அதுவும் தப்பாகச் சொல்லியிருக்கிறாய். 118 இல்லை, 121. ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் வெறும் புரோட்டீன் பவுடரும் மோரும் குடித்தேனே, அதற்கு அப்புறம் எடுத்தது 118. அந்த மூன்று கிலோவை நான் வாயைக் கட்டிக் குறைத்தேன், அதை விட்டுவிடாதே.

வாத்தியார் ஐயா, குறுக்குவழி என்றீர்கள். நாலாம் மாதம் குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக முடி அடைத்துக்கொண்டது. திரும்ப வளரும் என்று டயட்டீஷியன் சொன்னார், வளர்ந்தது, ஆனால் அந்த மூன்று மாதம் நான் சீப்பைத் தொடவே பயந்தேன். மேல் கையில் தோல் தொங்குகிறது, அடிவயிற்றிலும். அதை இழுத்துத் தைக்க வேறு ஆபரேஷன், அது அழகுக்கு என்று இன்சூரன்ஸில் வராது. பெண் பார்க்க வந்த அன்று முழங்கை வரை ரவிக்கை போட்டிருந்தேன். "அடக்கமான பெண்" என்றார்களாம். இவ்வளவு நீளமான குறுக்குவழியை நான் பார்த்ததில்லை.

பாதி வயிறு அக்கா, உங்களோடு ஒரு நாள் பேச வேண்டும். எனக்காகச் சண்டை போட்டீர்கள், ஆனால் நான் மாமா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைக்க முடியாத வீட்டுக்கு எனக்குப் போக வேண்டாம்.

'பிறகுதான் தெரிந்தது' அண்ணா, உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் அந்த டம்ளரை ஏன் குடித்தார் என்று எனக்குப் புரிகிறது.

அண்ணா, உனக்குத்தான் கடைசி. இரண்டாவது தடவை போனில் பேசியபோதே அவரிடம் சொல்லிவிட்டேன். நீ இதைப் போடுவதற்கு நாலு நாள் முன்னால். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வலித்ததா?" என்றார். அப்புறம், வீட்டில் எப்படிச் சொல்வதென்று யோசிக்க ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கேட்டார். ஞாயிறு போய் இன்று வியாழன். போன் வரவில்லை. வந்தால் பார்க்கலாம், வராவிட்டாலும் பார்க்கலாம்.

அம்மாவிடம் நான் சொன்னதைச் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். இந்தப் பதிவில் ஊர்ப் பெயரையும் வயதையும் எடுத்துவிடு. பி12 நேற்றோடு தீர்ந்துவிட்டது, வரும்போது இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு வா.